சொந்த உழவுக்கா, வாடகைக்கா? டிராக்டர் வாங்கும் முன் ஒரு கணக்கு

மாதனூர் ஒன்றியத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தை முதலில் கொடுத்துவிடுகிறேன்.

'ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் 14 வருடம் தையல் பிரிவில் வேலை பார்த்தேன். முதுகுவலியால் நின்றுவிட்டேன். பி.எஃப். பணம் 2 லட்சத்து 40 ஆயிரம் வந்திருக்கிறது. எங்களுக்கு மூன்று ஏக்கர். ஒன்றரை ஏக்கர் தென்னை. மீதியில் மல்லாட்டை, தண்ணீர் இருந்தால் நெல். இந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டி டிராக்டர் எடுக்கலாம், நம்ம நிலத்துக்கும் ஆச்சு, வாடகைக்கும் ஓட்டலாம் என்கிறார் வீட்டுக்காரர். ஷோரூமில் 50 ஹெச்.பி. எடுங்கள், அதுதான் உழைக்கும் என்கிறார்கள். எந்தக் கம்பெனி டிராக்டர் ரொம்ப நாள் உழைக்கும்? இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். யோசித்துப் பதில் எழுதுங்கள்.'

கேள்வி-பதில் பக்கத்தில் நாலு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் இதே கேள்வியை மாதம் இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். தோல் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்த்துச் சேர்த்த பணம், நிலத்துக்குத் திரும்பும்போது முதலில் கண்ணில் படுவது டிராக்டர்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

'உழைக்கும்' என்றால் எத்தனை மணி?

டிராக்டரின் வயதை வருடத்தில் கணக்கிடக் கூடாது. மணியில் கணக்கிட வேண்டும். ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருக்கும் ஹவர் மீட்டர் அதற்காகத்தான் இருக்கிறது. வேளாண் பொறியியல் கணக்குகளில் ஒரு டிராக்டரின் ஆயுள் 10,000 மணி, ஆண்டுக்கு 1,000 மணி வீதம் பத்து ஆண்டு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அது முழுநேரம் வேலை செய்யும் வண்டிக்குப் போட்ட கணக்கு.

மூன்று ஏக்கர்காரருக்கு வருடத்தில் எத்தனை மணி வேலை இருக்கும்? ஒரு பயிருக்கு ஏக்கருக்கு இரண்டு சால் கல்டிவேட்டர், ஒரு சால் ரோட்டவேட்டர், கடைசியில் பரம்படிப்பது எல்லாம் சேர்த்து ஐந்து மணி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை ஏக்கரில் இரண்டு போகம் என்றால் 15 மணி. தென்னந்தோப்பில் வருடத்துக்கு இரண்டு உழவு, எரு இழுப்பது, தேங்காய் ஏற்றுவது எல்லாம் சேர்த்து இன்னொரு 15 மணி. தாராளமாகப் போட்டாலும் 30 மணிதான். இருபது வருடம் ஓட்டினாலும் 600 மணிதான் ஆகும். 10,000 மணி உழைக்கும் இரும்புக்குக் காசு கொடுத்து 600 மணியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

வாடகைக்கு ஓட்டுபவரின் நிலைமை வேறு. நல்ல ஓட்டம் இருந்தால் வருடத்துக்கு 800 மணி கூட ஓடும். அவருக்கு கிளட்ச், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், பிரேக் ஒவ்வொன்றும் எத்தனை மணி தாங்கும் என்பதுதான் லாப நஷ்டம். அதனால் 'எந்தக் கம்பெனி உழைக்கும்' என்று கேட்பதற்கு முன், 'என் வண்டி வருடத்துக்கு எத்தனை மணி ஓடும்' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கும் வேறு வேறு வண்டி.

அமெரிக்காவில் வீட்டுத் தோட்டம், புல்வெளிக்காகச் சின்ன டிராக்டர் வாங்குபவர்கள் ஏராளம். அங்கே பல கம்பெனிகள் வாரண்டியிலேயே இதைப் பிரித்துவிடுகின்றன. வீட்டு உபயோகத்துக்கு நீண்ட காலம், கூலிக்கு ஓட்டினால் குறைந்த காலம். நம் ஊரில் அப்படிப் பிரிப்பது வழக்கமில்லை. '2 ஆண்டு அல்லது 2,000 மணி, எது முந்துகிறதோ' என்று அட்டையில் அச்சடித்திருந்தால், மூன்று ஏக்கர்காரருக்கு 60 மணி ஓடும்போதே வாரண்டி முடிந்துவிடும். வாடகைக்காரர் இரண்டு வருடத்தில் 1,600 மணி வரை அதை அனுபவித்திருப்பார். டீலரிடம் இதைக் கேட்டே வாங்குங்கள்.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

45 ஹெச்.பி. வண்டி 8 லட்சம், ரோட்டவேட்டரும் கல்டிவேட்டரும் ஒன்றரை லட்சம், மொத்தம் ஒன்பதரை லட்சம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். (2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், டிராக்டர் டயர், உதிரி பாகங்களுக்கு 18-லிருந்து 5 சதவீதமாகவும் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.)

பத்து வருடம் கழித்து பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்போம் என்றால் வருடத் தேய்மானம் ரூ.85,500. வண்டியில் முடங்கிய பணத்துக்கு 11 சதவீத வட்டி சராசரியாக ரூ.57,500. காப்பீடு, கொட்டகைக்கு ரூ.10,000. ஆக, வண்டியைத் தொடாமல் நிறுத்தி வைத்தாலே வருடத்துக்கு ரூ.1,53,000 செலவு. இதுதான் நிலைச் செலவு. இதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டீசல் செலவை மட்டும் பார்த்துவிட்டு 'சொந்த வண்டி லாபம்' என்கிறார்கள்.

ஓட்டும்போது மணிக்கு 4 லிட்டர் டீசல், லிட்டர் ரூ.93 என்றால் ரூ.372. ஓட்டுநர் கூலி ரூ.100. ஆயில், பழுது, டயர் தேய்மானத்துக்கு ரூ.100. சுமார் ரூ.570 என்று வைப்போம்.

வருடத்துக்கு 30 மணி ஓட்டினால் நிலைச் செலவு மணிக்கு ரூ.5,100. ஓட்டும் செலவு சேர்த்தால் ரூ.5,670. அடுத்த வீட்டு டிராக்டரை மணிக்கு ரூ.1,200 வாடகைக்கு எடுத்தால் வருடம் முழுக்க ரூ.36,000-இல் வேலை முடிந்துவிடும். மூன்று ஏக்கர் சொந்த உழவுக்காக மட்டும் புது 45 ஹெச்.பி. வாங்குவது எந்தக் கணக்கிலும் கட்டாது. 50 ஹெச்.பி. பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வாடகைக்கு ஓட்டினால்? மணிக்கு ரூ.1,200 வாங்கி ரூ.570 செலவு போனால் மிச்சம் ரூ.630. நிலைச் செலவு 1,53,000-ஐ 630-ஆல் வகுத்தால் 243 மணி. அதாவது முதல் 243 மணி வண்டிக்காக ஓட்டுகிறீர்கள். 244-வது மணியிலிருந்துதான் உங்களுக்கு.

அந்த மணி கிடைக்குமா என்பதுதான் கேள்வி. நம் பகுதியில் உழவு வேலை வருடம் முழுக்கச் சீராக வருவதில்லை. மழை பெய்து மண் பதமாக இருக்கும் பதினைந்து நாளில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும். அதற்கு அப்புறம் யாருக்கும் வேண்டாம். வருடத்தில் மூன்று பருவம், பருவத்துக்கு 15 நாள் முழு ஓட்டம், நாளுக்கு 7 மணி என்றால் 315 மணி. 243 போக 72 மணி. ஒரு வருட லாபம் ரூ.45,360. உங்கள் ஊரில் ஏற்கெனவே நாலு டிராக்டர் இருந்தால் இந்த 315-ம் கிடைக்காது. வாடகைப் பணம் உடனே கைக்கு வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மல்லாட்டை பிடுங்கி விற்ற பிறகுதான் பாதிப் பேர் கொடுப்பார்கள். தவணைத் தேதி மல்லாட்டைக்காகக் காத்திருக்காது.

தவணை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தனியார் நிதி நிறுவனங்களில் '9 சதவீதம்தான்' என்பார்கள். அது ஃபிளாட் வட்டியா, குறையும் அசலுக்கு வட்டியா என்று கேளுங்கள். 6 லட்சம் கடனுக்கு 9 சதவீத ஃபிளாட் வட்டி என்றால் ஐந்து வருடத்துக்கு வட்டி மட்டும் 2 லட்சத்து 70 ஆயிரம். மாதம் ரூ.14,500 தவணை. நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடைசிவரை முழு 6 லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். குறையும் அசல் முறையில் பார்த்தால் இது 16 சதவீதத்தை நெருங்கும். வங்கியில் 11 சதவீதம் என்று கேட்டு 'அதிகம்' என்று திரும்பிவந்து, இங்கே 9 சதவீதத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நானே ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். பணிக்கு வந்த புதிதில் நாலு ஏக்கர் விவசாயி ஒருவர் யோசனை கேட்டபோது, 'எடுப்பதுதான் எடுக்கிறீர்கள், பெரிய வண்டியாக எடுங்கள், வாடகைக்கு ஓடும்' என்று சொன்னேன். ஹெச்.பி.யைப் பற்றித்தான் பேசினேனே தவிர மணியைப் பற்றி அவரிடம் கேட்கவே இல்லை. தொடர்ந்து இரண்டு வருடம் மழை பொய்த்தது. மூன்றாவது வருடம் தவணை பாக்கிக்காக வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். கடன் அடைய அரை ஏக்கர் கழனியையும் விற்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அதன் பிறகு யார் கேட்டாலும் முதலில் நோட்டும் பேனாவும் எடுக்கச் சொல்கிறேன்.

வாடகை வண்டியில் எதைப் பார்ப்பது?

கணக்குப் போட்டு, வருடத்துக்கு 500 மணிக்கு மேல் நிச்சயம் ஓடும் என்று தெரிந்தவர்களுக்கு இது. கம்பெனி பெயரை மறந்துவிட்டு வண்டியின் உள்ளே இருப்பதைப் பாருங்கள்.

முதலில் இன்ஜின். ஹெச்.பி. ஒன்றாக இருந்தாலும் இன்ஜின் ஒன்றாக இருக்காது. மஹிந்திரா 575 டி.ஐ. வண்டியில் 2,730 சி.சி., சுற்று 1,900. குபோட்டா எம்.யூ. 4501-இல் 2,434 சி.சி., சுற்று 2,500. இரண்டும் ஏறக்குறைய ஒரே வகுப்பு வண்டிதான். முதலாவது பெரிய இன்ஜினை மெதுவாகச் சுற்ற வைத்து சக்தி எடுக்கிறது. இரண்டாவது சிறிய இன்ஜினை வேகமாகச் சுற்றி எடுக்கிறது. ரோட்டவேட்டர் மாதிரி பி.டி.ஓ. வேலைக்கும், அதிர்வு குறைவாக வேண்டும் என்பவர்களுக்கும் இரண்டாவது வகை பிடிக்கிறது. பாரம் இழுக்கும்போது, ஆயில் மாற்றுவதில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பொறுத்துக்கொள்வது பொதுவாக முதல் வகை. வாடகை வண்டியை நீங்களே ஓட்டுவீர்களா, ஆள் வைத்து ஓட்டுவீர்களா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். சம்பளத்துக்கு ஓட்டுகிறவர் உங்கள் அளவுக்கு இன்ஜின் சத்தத்தைக் கவனிக்க மாட்டார்.

இன்ஜின் ஹெச்.பி. வேறு, பி.டி.ஓ. ஹெச்.பி. வேறு. ரோட்டவேட்டருக்குப் போய்ச் சேருவது பி.டி.ஓ. சக்திதான். பெரும்பாலும் இன்ஜின் சக்தியில் 85 முதல் 90 சதவீதம். விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது இன்ஜின் ஹெச்.பி. 6 அடி ரோட்டவேட்டர் போடப் போகிறீர்கள் என்றால் 45 ஹெச்.பி.க்குக் குறையாமல் வேண்டும். 5 அடிக்கு 35 முதல் 45 போதும். சின்ன வண்டியில் பெரிய ரோட்டவேட்டரை மாட்டி எந்நேரமும் கரும்புகை கக்க ஓட்டினால் எந்தக் கம்பெனி இன்ஜினும் சீக்கிரம் போய்விடும்.

பிரேக் ஆயிலில் மூழ்கிய வகையாக இருக்க வேண்டும். சேற்றிலும், பாரம் ஏற்றி ஏலகிரி, ஜவ்வாது மலைச் சாலை மாதிரி இறக்கத்திலும் பழைய உலர் பிரேக்கை நம்பி வாடகை வண்டி ஓட்டாதீர்கள். பி.டி.ஓ. வேலை அதிகம் என்றால் டூயல் கிளட்ச் வேண்டும். டிரெய்லர் வேலை அதிகம் என்றால் பின் ஆக்ஸிலில் பிளானட்டரி கியர் உள்ளதா என்று கேளுங்கள். பாரத்தைப் பல சின்ன கியர்கள் பகிர்ந்துகொள்வதால் அந்த வகை இழுவை வேலையைத் தாங்கும்.

இதையெல்லாம் விற்பனையாளர் வாயால் கேட்பதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் 1955-லிருந்து இயங்குகிறது. மாடல் மாடலாக டிராக்டர்களை அங்கே சோதிக்கிறார்கள். பி.டி.ஓ.வில் உண்மையில் எவ்வளவு சக்தி வருகிறது, எவ்வளவு டீசல் குடிக்கிறது, ஹைட்ராலிக் எவ்வளவு தூக்குகிறது என்று அளப்பதோடு, சுமார் 43 டிகிரி வெப்பத்திலும் இன்ஜினை ஓட்டிப் பார்க்கிறார்கள். வேலூர் வெயிலுக்கு அந்த ஒரு பக்கமே போதும். சோதனை முடிந்ததும் வண்டியைப் பிரித்து, உள்பாகங்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று எழுதுகிறார்கள். அந்த அறிக்கையை டீலரிடம் கேளுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் விளக்குவார்கள். அறிக்கை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காட்டத் தயங்குகிற கடையில் அவசரப்பட்டு முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, எந்த அறிக்கையிலும் இல்லாத ஒன்று. பருவத்தில் பத்து மணிக்கு வண்டி நின்றால், எத்தனை மணிக்கு மெக்கானிக் வருவார்? உங்கள் ஊரிலேயே அதே மாடல் வைத்திருக்கிற இரண்டு பேரைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். பழைய மேஸ்ஸி 1035, ஸ்வராஜ் 735, மஹிந்திரா வண்டிகள் நம் கிராமங்களில் இத்தனை வருடம் ஓடிக்கொண்டிருப்பதற்கு வண்டியின் தரம் பாதிக் காரணம். அவற்றைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் ஒவ்வொரு சந்தை ஊரிலும் இருப்பது மீதிக் காரணம்.

சொந்த உபயோக வண்டி நின்றே கெடும்

வருடத்துக்கு 30, 50 மணி மட்டும் ஓடும் வண்டிக்கு எதிரி தேய்மானம் இல்லை. சும்மா நிற்பதுதான். பேட்டரி இறங்கிவிடும். பாதி நிரம்பிய டீசல் டாங்கில் ஈரம் சேர்ந்து தண்ணீர் தங்கும். எலி வயரைக் கடிக்கும். வெயிலில் டயர் வெடிக்கும். எலக்ட்ரானிக் சமாசாரங்கள் அதிகம் உள்ள வண்டி என்றால் எலி கடித்த ஒரு வயருக்காக ஷோரூமில் இருந்து ஆள் வர வேண்டியிருக்கும். ஆகவே சொந்த உபயோகத்துக்கு எளிய வண்டியே நல்லது. கொட்டகை கட்டாயம். வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் ஓட்டி வையுங்கள். டாங்கை நிறைத்து நிறுத்துங்கள். 250 மணி ஆகவில்லை என்று ஆயிலை மூன்று வருடம் மாற்றாமல் விடுகிறார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு ஏக்கர் தென்னை, மாந்தோப்பு வைத்திருப்பவர்கள், இலவம்பாடி முள்ளு கத்தரி மாதிரி காய்கறி வைத்து அடிக்கடி களையெடுப்பவர்கள் 18 முதல் 28 ஹெச்.பி. மினி டிராக்டரை யோசிக்கலாம். தாழ்ந்த மாங்கிளைக்குக் கீழே நுழையும். மணிக்கு இரண்டு லிட்டர் டீசலில் வேலை முடியும். ஆனால் அதை வைத்து வாடகைக்கு ஓட்டிச் சம்பாதிக்கலாம் என்று எண்ண வேண்டாம். காய்ந்த கொல்லையில் ஆழ உழ முடியாது, டிரெய்லர் பாரத்துக்கும் ஆகாது.

குறைந்த மணி தேவைப்படுகிறவர்களுக்கு இன்னொரு வழி, நல்ல நிலையில் உள்ள பழைய 35 ஹெச்.பி. வண்டி. 4,000 மணி ஓடியிருந்தாலும் உங்கள் தேவைக்கு இன்னும் நிறைய மிச்சம் இருக்கும். வாங்கும்போது காலையில் இன்ஜின் ஆறியிருக்கும் நேரத்தில் போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நாம் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வந்தால் பிஸ்டன், லைனர் வேலை இருக்கிறது. ரேடியேட்டர் தண்ணீரில் ஆயில் மிதக்கிறதா பாருங்கள். பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, ஹவர் மீட்டர் மட்டும் 1,500 காட்டினால் மீட்டரை நம்பாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், தடையில்லாச் சான்று வாங்கி அதை நீக்கிய பிறகுதான் முழுப் பணம்.

பாலாற்றங்கரைக்கு மட்டும் சில வார்த்தைகள்

நம் மண்ணின் கதை எல்லாருக்கும் தெரியும். பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் 40 சதவீதம் வரை உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பில் ஒரு பங்கு பல ஆண்டுகளாக நிலத்துக்கும் கிணற்றுக்கும் வந்து சேர்ந்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று சொன்ன அந்தத் தீர்ப்பு நாடு முழுக்கப் பேசப்படுகிறது. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு குறித்து 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. வழக்கு அப்படி. டிராக்டருக்கு வருவோம்.

உவர் ஏறிய நிலம் காய்ந்தால் பாறை, நனைந்தால் வழுக்கல். உழவுக்குப் பதமான நாட்கள் மற்ற நிலத்தைவிடக் குறைவு. கட்டி உடையாமல் இருக்கும்போது ரோட்டவேட்டரை இறக்கினால் பி.டி.ஓ., கிளட்ச், பிளேடு எல்லாம் அடி வாங்கும். தண்ணீர் விட்டு, பதம் வந்ததும் முதலில் கல்டிவேட்டர், பிறகு ரோட்டவேட்டர். எப்போதும் ரோட்டவேட்டரையே ஓட்டினால் அதற்குக் கீழே மண் இறுகித் தட்டு விழும். உப்பு கீழே வடிய வழியில்லாமல் மேலேயே நிற்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பை போட்டு அந்தத் தட்டை உடைக்க வேண்டும். இந்த வேலை மினி டிராக்டரால் ஆகாது. வாடகைக்குப் பெரிய வண்டியைக் கூப்பிடுங்கள். ஜிப்சம் எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனை பார்த்து முடிவு செய்யுங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அதைவிட முக்கியம் ரேடியேட்டர். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லை என்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. பாலாற்றங்கரையில் பல போர்களின் தண்ணீர் இந்த அளவில் நிற்பதில்லை. அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், டீ போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது போல இன்ஜினுக்குள் படியும். வண்டி சூடேறும். கடைசியில் ஹெட் கேஸ்கெட் போகும். டீலரோ, மெக்கானிக்கோ, 'கம்பெனி சரியில்லை' என்று அண்டை வீட்டாரோ உங்களுக்கு இதைச் சொல்ல மாட்டார்கள். கூலன்ட் கலந்த சுத்த நீரை ஊற்றுங்கள். வயலில் அவசரத்துக்கு ஊற்ற கேன் தண்ணீர் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதுவும் கூடாது. உவர் சேற்றில் ஓட்டிய ரோட்டவேட்டரைக் கழுவித் துடைத்துப் பழைய ஆயில் தடவி நிறுத்தினால் இரண்டு பருவம் கூடுதலாக உழைக்கும்.

உழவு இல்லாத மாதங்களில் டிரெய்லர் மாட்டி ஓட்டலாம் என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். இங்கே ஜாக்கிரதை. விவசாயத்துக்கு என்று பதிவு செய்த டிராக்டரில் டிரெய்லர் மாட்டி வாடகைக்குச் சரக்கு ஏற்றினால் சட்டப்படி அது சரக்கு வாகனம். டிராக்டர்-டிரெய்லர் சரக்கு வாகனம்தான் என்று கர்நாடக வழக்கு ஒன்றில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விவசாய உபயோகத்துக்கு எடுத்த காப்பீட்டை வைத்து செங்கல் ஏற்றிப் போகும்போது விபத்து நடந்தால் இழப்பீடு உங்கள் தலையில் விழக்கூடும். டிரெய்லருக்குத் தனிப் பதிவும் காப்பீட்டில் சேர்ப்பும் வேண்டும். மட்கார்டு மேல் ஆட்களை ஏற்றாதீர்கள், அவர்களுக்குக் காப்பீடு கிடையாது. உரிமத்தைப் பொறுத்தவரை, 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு இலகு ரக உரிமமே போதும் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. அது ஒன்றுதான் நிம்மதி.

பாலாற்று மணலுக்கும், அனுமதியில்லாத தோல் கழிவுக்கும் இரவு நேரத்தில் நல்ல வாடகை தருவதாக ஆள் வருவார்கள். ஒரே நடையில் வண்டி பறிமுதல் ஆகிவிடும். கழிவைக் கொட்டுகிற இடம் யாருடைய கிணற்றுக்குப் பக்கம் என்றும் யோசியுங்கள். வழக்கு முடியும்வரை காவல் நிலைய வாசலில் நிற்கிற வண்டிக்கும் தவணை கட்டியாக வேண்டும்.

மானியமும் இரண்டு கேள்விகளும்

மானியம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். 2014-15 முதல் நடக்கும் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு. எல்லா வருடமும் எல்லா இயந்திரத்துக்கும் நிதி இருக்காது. விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகு வாங்குங்கள். முதலில் வாங்கிவிட்டு ரசீதோடு வந்தால் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

'ரோட்டவேட்டரின் பி.டி.ஓ. ஷாஃப்ட் மூடி உடைந்துவிட்டது, இல்லாமல் ஓட்டலாமா?' என்று கேட்டிருக்கிறார் குடியாத்தம் வாசகர். கூடாது. வேட்டி நுனியோ புடவை முந்தானையோ மாட்டினால் கையை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அன்றைய உழவை நிறுத்திவிட்டு மூடியை வாங்கி மாட்டுங்கள்.

'நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு டிராக்டர் வாங்கலாமா?' என்பது ஆலங்காயம் வாசகரின் கேள்வி. ஐந்து பேருக்கும் சேர்த்து எத்தனை மணி என்று முதலில் எழுதுங்கள். 243-ஐ நெருங்கினால் யோசிக்கலாம். ஒரே பத்து நாளில் ஐந்து பேருக்கும் வேண்டும் என்பதால், யாருக்கு முதல் நாள் என்று வாங்குவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மாதனூர் சகோதரிக்கு: டிராக்டர் எடுப்பதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். பணத்தை வங்கியில் போட்டு வையுங்கள். உங்கள் மூன்று ஏக்கருக்கு வாடகை வண்டி போதும். வேளாண் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலியில் பதிவு செய்தும் வாடகைக்கு எடுக்கலாம். இந்த ஒரு வருடத்தில் உங்கள் வீட்டுக்காரர் ஊரில் யாருடைய கழனிக்கு, எந்தத் தேதியில், எத்தனை மணி டிராக்டர் ஓடுகிறது, யார் எப்போது பணம் கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வரட்டும். முடிந்தால் வாடகை வண்டி வைத்திருப்பவரிடம் ஒரு பருவம் ஓட்டுநராகப் போகட்டும். அடுத்த ஆடியில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அலுவலகத்துக்கு வாருங்கள். அவர் பெயருக்கு 300 மணி உறுதியாகச் சேரும் என்று அதில் தெரிந்தால், எத்தனை ஹெச்.பி., எந்த மாடல் என்று உட்கார்ந்து பேசுவோம்.